‘அந்த நாள்’ பிடித்தவருக்கு அடுத்து எந்தப் படம்?

நீங்கள் கேட்டது இது: கல்லூரியில் படிக்கும் மகளோடு உட்கார்ந்து ‘அந்த நாள்’ பார்த்தீர்கள். பழைய படம் என்றாலே எழுந்து போய்விடும் பெண், இதைக் கடைசிவரை கைபேசியைத் தொடாமல் பார்த்தாள். ஆகவே, பாட்டே இல்லாத பழைய தமிழ்ப் படங்கள் வேறு எவை? வெறும் பட்டியல் போதும் என்றால் இது இரண்டு வரிப் பதில், ஏனென்றால் அந்தப் பட்டியல் மிகச் சிறியது. ஆனால் உங்கள் கேள்வியோடு ஓர் ஊகமும் சேர்ந்து வருகிறது. பாட்டு இல்லாததால்தான் அந்தப் படம் அவளை உட்கார வைத்தது என்று நினைக்கிறீர்கள். அது பாதிதான் சரி என்பது என் கருத்து. மீதிப் பாதியைப் பேசாமல் பட்டியலை மட்டும் நீட்டினால், இரண்டாவது படத்திலேயே அவளுக்கு அலுத்துவிடும்.

நான் பல வருடங்கள் சினிமா ஒலிக்கூடங்களில், ரீரெக்கார்டிங், மிக்சிங் பக்கம் வேலை செய்தவன். படங்களைக் காது வழியாகப் பார்த்தே பழக்கம். அதனால் ஒலி பற்றி நான் சொல்வதை அனுபவத்தில் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். ஒளிப்பதிவு, நடிப்பு பற்றிச் சொல்வதெல்லாம் ஒரு ரசிகனின் கருத்து மட்டுமே.

முதலில், பாட்டு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். 1930களின் பேசும்படங்களில் முப்பது, நாற்பது பாட்டுகள் இருப்பது சாதாரணம். பிறகு அது பத்தாகி, ஐந்தாறாகக் குறைந்தது. எண்ணிக்கை குறைந்தாலும் வேலை குறையவில்லை. இரண்டு பேர் நெருங்குவதை நான்கு நிமிடத்தில் பாட்டு முடித்துவிடும். ஐந்து வருடம் ஓடிவிட்டதை ஒரு சரணத்துக்குள் காட்டிவிடும். ஒரு கதாபாத்திரம் யாரிடமும் சொல்ல முடியாததைப் பாடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவருக்கு மூச்சு விட இடம் தரும். திரையரங்கில் பாட்டு வந்ததும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டால் ஆபரேட்டர் பாட்டு வரும் துண்டைத்தான் முதலில் வெட்டுவார். ஆகவே ஓர் இயக்குநர் பாட்டை எடுத்துவிட்டால், இத்தனை வேலைகளையும் வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். எதுவும் செய்யவில்லை என்றால் படம் நீளமான நாடகமாகிவிடும். ஏதோ ஒன்று செய்கிறது என்றால் அங்கேதான் பார்க்கத் தகுந்த படம் இருக்கிறது.

‘அந்த நாள்’ 1954இல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். கே. பாலசந்தரோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு; இருவரும் வேறு வேறு ஆட்கள். கதை 1943இல், சென்னை மீது ஜப்பானியக் குண்டு விழுந்த நாட்களில் நடக்கிறது. ரேடியோ என்ஜினியர் ராஜன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் சாகிறான். அந்த ராஜன் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அவர் வாய் திறந்து வசனம் பேச மாட்டாரா என்று ஊரே காத்திருந்த காலத்தில் அவரை முதல் காட்சியிலேயே பிணமாகக் கிடத்த எத்தனை துணிச்சல் வேண்டும்! பிறகு சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வீட்டுக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதை வசனமும் எழுதியவர்.

இங்கே பாட்டின் வேலையைச் செய்வது எது? விசாரணை. ஒரு நினைவு முடிந்து நிகழ்காலத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் நமக்கு மூச்சு விடக் கிடைக்கிறது. இதுவரை கேட்டதை மனதுக்குள் அடுக்கிப் பார்க்கிறோம். பாட்டு தரும் ஓய்வு இங்கே யோசிப்பதற்கான இடைவெளியாகக் கிடைக்கிறது. அதோடு, தம்பி சொல்லும் ராஜன் ஒருவன், ஆசைநாயகி சொல்லும் ராஜன் இன்னொருவன், மனைவி உஷா சொல்லும் ராஜன் வேறொருவன். ஒரே நடிகர் ஒவ்வொருவர் பார்வையிலும் குரலைச் சற்றே மாற்றுகிறார். மனைவியின் நினைவில் வரும் ராஜனின் குரலைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். வழக்கமான சிவாஜி வசனத்தின் ஏற்ற இறக்கம் அங்கே கிடையாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குத்தான் பேசுகிறார். பண்டரிபாயின் உஷா அதைவிடவும் அடங்கிய குரல். உங்கள் மகளை உட்கார வைத்தது இந்தக் கட்டுமானம் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் படம் ‘ரஷோமான்’ என்ற ஜப்பானியப் படத்தின் தழுவல் என்று இணையத்தில் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது எது, பேச்சுவழக்கு எது என்று பிரித்துவிடுகிறேன். அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ 1950இல் வந்து, 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952இல் மும்பையில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. இவை உறுதி. ஒரு திரைப்பட விழாவில் ‘ரஷோமான்’ பார்த்துத்தான் பாலசந்தருக்கு இந்த எண்ணம் வந்தது என்பது தொடர்ந்து சொல்லப்பட்டு வரும் செய்தி. அதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. ஆனால் தழுவல் என்ற சொல் பொருந்தாது. ‘ரஷோமான்’ படத்தில் ஒரே சம்பவத்தை நால்வர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்பது கடைசிவரை தீராது. ‘அந்த நாள்’ அப்படி விடுவதில்லை. கொலையாளி யார் என்று தீர்ந்துவிடுகிறது. தீராமல் இருப்பது ராஜன் எப்படிப்பட்டவன் என்பதுதான். அந்த வகையில் அது 1950இல் வந்த ‘தி உமன் இன் கொஸ்டின்’ என்ற பிரிட்டிஷ் படத்துக்கு இன்னும் நெருக்கம். அதிலும் கொலையுண்ட ஒரு பெண்ணை ஒவ்வொரு சாட்சியும் வேறொருத்தியாக நினைவுகூர்கிறார். நெருக்கத்தை வைத்து, அதைப் பார்த்துத்தான் எடுத்தார் என்று அடித்துச் சொல்வது நியாயமில்லை. மகளுக்கு ‘ரஷோமான்’ படத்தையும் காட்டுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம்தான்.

‘அந்த நாள்’ வெளிவந்தபோது ஓடவில்லை. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் மட்டும் கிடைத்தது. பாலசந்தர் மேலும் சில படங்கள் எடுத்துவிட்டு, கடைசியில் வீணையோடு தங்கிவிட்டார். ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) இரண்டையும் அவசியம் பாருங்கள். ‘பொம்மை’ படத்தில் வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றுகிறது. பாட்டு உண்டு. ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ அதில்தான்; தமிழில் வெளிவந்த யேசுதாஸின் முதல் பாட்டு. படம் முடிந்ததும் பாலசந்தரே திரையில் வந்து தன்னோடு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். எங்களைப் போல இருட்டறையில் வேலை செய்கிறவர்களின் முகத்தை யார் காட்டியிருக்கிறார்கள்? ‘நடு இரவில்’ ஒரு தீவு மாளிகையில் உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகும் கதை. துப்பறியும் கதைகள் எழுதிய அகதா கிறிஸ்டியின் சாயல் பளிச்சென்று தெரியும். ‘அந்த நாள்’ அளவுக்குக் கட்டுக்கோப்பு இல்லை என்றாலும், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க ஏற்ற படம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? பாட்டில்லாத படம் எடுக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் குற்றக் கதைக்குத்தான் போயிருக்கிறார்கள். இந்தியிலும் பி.ஆர். சோப்ராவின் ‘கானூன்’ (1960), யஷ் சோப்ராவின் ‘இத்தேஃபாக்’ (1969) இரண்டும் கொலைக் கதைகள். தமிழில் பிறகு வந்த ‘குருதிப்புனல்’ (1995) போலீஸ் கதை. காரணம் எளிது. அடுத்து என்ன என்ற கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டின் குறை தெரியாது. கொலையும் இல்லாமல், துப்பறிதலும் இல்லாமல், பாட்டையும் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் பிடித்து நிறுத்துவதுதான் கடினம். தமிழில் அதைச் செய்துகாட்டிய படங்களில் நான் முதலில் வைப்பது பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988).

கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வேலைக்குப் போகும் சுதா, தங்கையையும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு சிறு வீடு கட்டப் பார்க்கிறாள். அவ்வளவுதான். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், இருக்கும் நிலத்தில் ஒரு பகுதியை விற்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், மேஸ்திரி, சிமெண்டு, அரசு அலுவலகம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. ஒரு கொலைக் கதையில் இல்லாத பதைப்பு எனக்கு இதில் வரும். அடுத்த மூட்டை சிமெண்டுக்குக் காசு எங்கிருந்து வரும் என்பது அடுத்து யார் சாவார் என்பதைவிடப் பெரிய கேள்வி இல்லையா? சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும் படத்துக்குக் கிடைத்தது. தாத்தாவாக வருபவர் நாடக மேடையிலிருந்து வந்த சொக்கலிங்க பாகவதர். பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்க அவர் குடையோடு தனியாகக் கிளம்பிப் போகும் பகுதி ஒன்று உண்டு. சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். யாரும் எதுவும் பேசுவதில்லை. வேறு படமாக இருந்தால் அங்கே ஒரு பாட்டு வந்திருக்கும், நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் பாட்டு வந்திருந்தால் அந்த முதியவரின் மனதில் ஓடுவது என்ன என்று பாடலாசிரியர் நமக்குச் சொல்லியிருப்பார். இங்கே யாரும் சொல்லாததால் நாமே நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

‘வீடு’ படத்தின் இசை பற்றி ஒரு செய்தி. இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹ் (Bach) என்பவருக்கும் காணிக்கையாகச் செய்த வாத்திய இசை அது. அதிலிருந்த பகுதிகளையே படத்துக்குப் பயன்படுத்தினார்கள். வழக்கமாக ரீரெக்கார்டிங்கில் ரீல் ரீலாகப் படத்தை ஓடவிட்டு, முகம் வாடும் நொடியில் வயலின் இறங்கும்படி அளந்து இசை எழுதுவார்கள். முன்பே இருந்த இசையை எடுத்து வைக்கும்போது அப்படி ஒட்டி ஒட்டி நடக்க முடியாது. இசை தன் வழியில் போகும், காட்சி தன் வழியில் போகும். எங்கே அழ வேண்டும் என்று அது கையைப் பிடித்துக் காட்டாது. தொழிலில் இருந்தவனாகச் சொல்கிறேன், இந்த விலகல்தான் அந்தப் படத்துக்குக் கம்பீரம் தருகிறது. இதைக் குறை என்று சொல்கிற நண்பர்களும் எனக்கு உண்டு. சில இடங்களில் இசை காட்சியைவிடப் பெரிதாக ஒலிக்கிறது என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

அடுத்த வருடமே அதே சொக்கலிங்க பாகவதரை வைத்துத் தூர்தர்ஷனுக்காக ‘சந்தியா ராகம்’ எடுத்தார் பாலு மகேந்திரா. மனைவியை இழந்த முதியவர் சென்னையில் தம்பி மகன் குடும்பத்தோடு வந்து தங்குகிறார். அந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள், பணம்தான் இல்லை. வில்லனே இல்லாத துயரம் எப்படி இருக்கும் என்று பார்க்க இதைவிடச் சிறந்த தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம் போவோம். சிங்கீதம் சீனிவாச ராவின் ‘பேசும் படம்’ (1987) பாட்டை மட்டுமல்ல, வசனத்தையும் எடுத்துவிட்டது. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’. மொழி இல்லாத படமாதலால் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறியது. இதை ஊமைப்படம் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. பேச்சைத் தவிர எல்லாச் சத்தமும் இருக்கும் படம் இது; எல். வைத்தியநாதனின் இசையும் உண்டு. ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்கிறேன். கமல்ஹாசன் நடித்த வேலையற்ற இளைஞன் ஒரு சினிமா கொட்டகையை ஒட்டிய அறையில் வாழ்கிறான். இரவெல்லாம் சண்டைக் காட்சிச் சத்தம். பிறகு பெரிய ஓட்டலின் சொகுசு அறையில் படுத்தால், அந்த அமைதியில் தூக்கமே வரவில்லை. கொட்டகைச் சத்தத்தை டேப்பில் பதிந்து கொண்டுவந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். வறுமை உடம்பில் எப்படிப் பழகிப்போகிறது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் ஒலியாலேயே சொல்கிற இடம் அது. ஒலிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். உங்கள் மகளுக்கு ‘அந்த நாள்’ படத்துக்கு அடுத்து இதைக் காட்டலாம். சிரித்துக்கொண்டே பார்ப்பாள்.

ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எல்லாருக்கும் ஏற்ற படம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பேராசிரியர் தாயை இழந்த கழுதைக்குட்டியை எடுத்து வளர்க்கிறார். அதைத் தன் கிராமத்து அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோகிறார். பழி எல்லாம் அதன் மேல் விழுகிறது. வெங்கட் சாமிநாதன் எழுதியது. பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற இதை 1989இல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டது. நடிப்பு பல இடங்களில் விறைப்பாக இருக்கும், காட்சிகள் திடீரென்று முடியும். அதைப் பொறுத்துக்கொண்டால், தமிழில் வேறெங்கும் இல்லாத ஒரு கோபம் அதில் இருக்கிறது. சேரி வாழ்க்கையைப் பற்றித் தன் நாவலைத் தானே படமாக்கிய ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) படமும் இந்த வரிசையில் வர வேண்டியது. கமல் நடித்த 2009ஆம் ஆண்டுப் படத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது நான் முதலில் சொன்ன அந்த மீதிப் பாதி. பாட்டு இருக்கிறது என்பதற்காக நீங்கள் ஒதுக்கிவிடக்கூடிய இரண்டு படங்கள் ‘அந்த நாள்’ படத்துக்கு மிக நெருங்கிய உறவு. ஒன்று மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து கிளம்பிய கதை. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு குரலை உயர்த்தாமலே ஒரு வீட்டை நரகமாக்குகிறவன். அதில் ‘அழகிய கண்ணே’ ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குப் பாடுவது. அவளுக்கு அந்த வீட்டில் பேச வேறு இடமே இல்லை. பாட்டு அவளுடைய ஒரே பேச்சு. அதை வெட்டினால் அந்தப் பெண்ணையே வெட்டியதாகும். மற்றொன்று ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978). கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூவரும் இருந்தும் கறுப்பு வெள்ளையில், மூன்றே பாட்டோடு எடுத்த படம். கமல் நடித்த அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவன். அவன் பெண்களைப் பேட்டி காணும் பகுதிகள் படத்துக்குள் அப்படியே வருகின்றன. இங்கே படத்தை நிறுத்தி யோசிக்க வைப்பது அந்தப் பேட்டிகள்; ‘அந்த நாள்’ படத்தில் விசாரணை செய்த வேலையை இவை செய்கின்றன. ஸ்ரீப்ரியாவின் மஞ்சு பேசும் எந்த வசனமும் இன்றைக்கும் பழசாகவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி அவளோடு சண்டை போட்டுக்கொண்டே பார்ப்பாள், போடட்டும்.

பார்க்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் பல நல்ல பிரதியில் கிடைப்பதில்லை. யூடியூபில் இருப்பவை பழைய ஒளிபரப்பிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்தவை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ இரண்டின் நெகட்டிவும் அழிந்துபோனதாகப் பாலு மகேந்திராவே கடைசிக் காலத்தில் வருத்தத்தோடு பேசியிருக்கிறார். ஆகவே படம் மங்கலாகத் தெரிந்தால் ஒளிப்பதிவாளர் மேல் பழி போடாதீர்கள். ‘அந்த நாள்’ படத்தில் மாருதி ராவ் அமைத்த இருட்டு, கணினியில் பார்க்கும்போது வெறும் சாம்பலாகத் தெரியும். ஒலியும் அப்படியே. ஃபிலிமின் ஓரத்தில் ஒளியாகப் பதிந்த பழைய சவுண்ட் டிராக்கில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். பிரதியைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த இரைச்சலை மொத்தமாக வடிகட்டினால், அதோடு சேர்ந்து அறையின் காற்று, புடவைச் சரசரப்பு, மூச்சு எல்லாம் போய்விடும். பாட்டில்லாத படத்தில் அது பெரிய நஷ்டம். இரண்டு பிரதிகள் கிடைத்தால் இரைச்சல் அதிகமுள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன். கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். சாதாரண ஹெட்போன் போதும்.

வரிசை என்று கேட்டால், மகளுக்கு ‘பேசும் படம்’, ‘நடு இரவில்’, ‘அவள் அப்படித்தான்’, அப்புறம் ‘வீடு’ என்று போவேன். ‘வீடு’ படத்துக்கும் ‘சந்தியா ராக’த்துக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி விடுங்கள். அடுத்தடுத்து பார்த்தால் பாகவதரின் முகம் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டு தாத்தாக்களும் வேறு வேறு மனிதர்கள். ‘உதிரிப்பூக்க’ளை அவசரப்படுத்த வேண்டாம், அவளாகக் கேட்கும்போது காட்டுங்கள். ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.